வலை நூலால் தைத்த பேட்ஜ்

என்னைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "மாதா காப்பாத்திட்டாங்க." கோயில் சபைக்காரர்கள் சொன்னார்கள். என் ஷெட்டில் வண்டி விடும் டிரைலர் டிரைவர்கள் சொன்னார்கள். ஐந்து வேளையும் தொழுகிற பார்ட்ஸ் கடை பாய்கூட அதையே சொன்னார். காப்பாற்றினாள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தினமும் ஜெபமாலை சொல்லாமல் அடுப்பு அணைக்காத வீடு எங்களுடையது. நான் கேட்பது வேறு. மாதாவுக்கு அவ்வளவு வேலை வைத்தது யார்?

அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் பெனடிக்ட். வீடு ராயபுரம். திருவொற்றியூரில் டிரைலர் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகக் கார் ரேஸ் ஓட்டுகிறேன். டிவியில் காட்டுகிற ரேஸ் இல்லை. பழைய காரை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிப் போட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, நாமே செய்து நாமே ஓட்டுகிற பிரிவு. எண்ணூர் ரோட்டில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ஒருவர் எனக்கு டயர் தருவார். பதிலுக்கு அவர் கடைப் பெயர் போட்ட துணி பேட்ஜை என் ரேஸ் சட்டை நெஞ்சில் தைத்துக்கொள்ள வேண்டும்.

போன தடவை ஓட்டியபோது அந்த பேட்ஜ் பாதி கிழிந்து தொங்கிவிட்டது. போட்டோவில் அது தெரிந்துவிட்டது. மனுஷன் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா பெனடிக்ட், என் பேரு காத்துல பறக்கறதுக்கா டயர் குடுத்தேன்?"

என் மனைவி ஸ்டெல்லா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அவளிடம் சட்டையைக் கொடுத்தேன். மிஷின் நூல் இந்தத் தடிமனுக்குத் தாங்காது என்றாள்.

"உன் தம்பிகிட்ட வலை நூலு கீதுல்ல? அத வெச்சி கையால அடி. சொறாவே அறுக்க முடியாத நூலு."

அவள் தம்பி செல்வம் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். எங்கள் பக்கத்தில் செருப்பு அறுந்தாலும் வலை நூல், பள்ளிக்கூடப் பை கிழிந்தாலும் வலை நூல். மெல்லிய நைலான், இழுத்தாலும் அறுந்துபோகாது. ஸ்டெல்லா தடி ஊசியில் அதைக் கோத்து இரண்டு தையல் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ், இது உள் துணி வரிக்கும் போவுது. பரவால்லியா?"

"போனாத்தான்மே நல்லது. புடிச்சிக்கினு நிக்கும்."

அவள் கேட்டாள். நான் சொன்னேன். இதை மறந்துவிடாமல் மேலே படியுங்கள்.

ரேஸ் சூட் என்பது கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே உடுப்பு. சீக்கிரம் தீப்பிடிக்காத துணியில் இரண்டு மூன்று அடுக்கு. அடுக்குக்கு நடுவில் இருக்கிற காற்றுதான் சூட்டை உடம்புக்கு விடாமல் தடுக்கிறது. எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தால் அந்த இடத்தில் காற்று போய்விடும். சூடு நேராக இறங்கும். நைலானில் தைத்தால் அது உருகித் தோலில் ஒட்டும். அதற்கென்று தனி நூல் இருக்கிறது, மேல் துணியில் மட்டும்தான் தைக்க வேண்டும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். பதினோரு வருடத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் இருக்கும் லேபிள். லேபிள் இருந்தால் பாஸ்.

ரேஸ் அன்று காலையில் ஸ்க்ரூட்டினி என்று ஒரு கூடாரம் போடுவார்கள். வண்டியையும் உடுப்பையும் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம். அங்கே இருந்தவர் என் காலரைப் புரட்டி லேபிளைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் இருந்த பேட்ஜை இரண்டு விரலால் பிடித்து நன்றாக ஒரு இழு இழுத்தார். அசையவில்லை.

"சூப்பரா கீதே! யாரு தைச்சது?"

"என் சம்சாரம் சார்."

"எனக்கும் ரெண்டு தைச்சிக் குடுக்கச் சொல்லுப்பா."

சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டினார். நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது சுற்றில் பின்னால் வந்த வண்டி என்னை இடித்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து நின்றேன். பெட்ரோல் குழாய் பிடுங்கிக்கொண்டது. முதலில் வாசனை, அடுத்து காலடியில் சூடு, அதற்கடுத்து எல்லாமே மஞ்சள். பெல்ட்டைக் கழற்றினேன். கை வெளியே போகாமல் இருக்க ஜன்னலில் பட்டை வலை ஒன்று மாட்டியிருப்பார்கள், அதன் கொக்கி வளைந்துவிட்டது. "இயேசுவே, இயேசுவே" என்று அதோடு மல்லுக்கட்டினேன். வெளியே ஒரு தொண்டர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து நின்றார். அதன் கைப்பிடியில் இருக்கும் பின்னைப் பிடுங்க முடியவில்லை. அந்தப் பின் தொலைந்துபோகக் கூடாதென்று யாரோ புண்ணியவான் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அந்த மனிதர் பல்லால் கம்பியைக் கடித்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கொக்கி தானாகவே விட்டது. நான் தலைகுப்புற வெளியே விழுந்தேன். அதை மாதா கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பியை எழுதாதீர்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் உடுப்பைக் கத்தரியால் வெட்டி எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்டெல்லா கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்கு. புகை போனால் மூச்சுக்குழல் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளுமாம். அதனால் முன்கூட்டியே வாய்வழியாக ஒரு குழாய் இறக்கி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் ஸ்டெல்லா ஜெபமாலையை என் கட்டைவிரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். எனக்கு ஞாபகம் இல்லை.

தீக்காய வார்டில் பொழுது என்பது டிரெஸ்ஸிங்குக்கு முன், டிரெஸ்ஸிங்குக்குப் பின் என்று இரண்டுதான். காலை பத்து மணிக்கு வண்டி உருளும் சத்தம் கேட்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பழைய கட்டைத் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பிரிப்பார்கள், செத்த தோலைத் துடைத்து எடுப்பார்கள், மருந்து வைத்துப் புதிதாகக் கட்டுவார்கள். வலிக்கு ஊசி போடுவார்கள். அதையும் தாண்டி வலிக்கும்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா என் நெஞ்சுக் கட்டைப் பிரித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். சின்ன வயது, பொறுமைசாலி.

"கை, கால் எல்லாம் மேலாகத்தான் பட்டிருக்கு. நீங்க போட்டிருந்த டிரெஸ் நல்லா வேலை செஞ்சிருக்கு. இந்த ஒரு எடம் மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்? சதுரமா இருக்கு பாருங்க. ஓரத்துல வரிசையா புள்ளி புள்ளியா... என்ன இது?"

குனிந்து பார்த்தேன். தடி ஊசி போன ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் அதே இடைவெளி, ஸ்டெல்லாவின் கை இடைவெளி. பதினெட்டு வருடமாக நான் போடுகிற சட்டைப் பொத்தானில் எல்லாம் இருக்கிற கை. எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் நூலைப் பற்றிச் சொன்னேன். அடுக்கு, காற்று, உருகுதல் எல்லாவற்றையும் அவர்தான் எனக்கு விளக்கினார்.

"என் சம்சாரத்துகிட்ட சொல்லிடாதீங்கம்மா. அவ தாங்க மாட்டா."

"நான் சொல்லல. வீட்டுக்குப் போனா டிரெஸ்ஸிங் அவங்கதானே செய்யணும்? பாக்கத்தானே போறாங்க?"

"அதுக்குள்ள தொடையிலேர்ந்து தோல எடுத்து ஒட்டுவேன்னீங்களே. ஒட்டிட்டா புள்ளி தெரியாதுல்ல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாது," என்றார். "ஆனா காயம் சுத்தமானாத்தான் ஒட்ட முடியும். ரெண்டு வாரம் ஆகும்."

இரண்டு வாரம் ஸ்டெல்லா என் நெஞ்சைப் பார்க்கக் கூடாது. அந்த ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ரொட்டித் துண்டைப் பிட்டு வாயில் வைக்க வருவாள், நான் கழுத்துவரை துணியை இழுத்துக்கொள்வேன். வண்டி வரும் சத்தம் கேட்டதும் "போ, வெளிய போய் நில்லு" என்பேன். ஒருநாள் அவள் நகரவில்லை. கத்திவிட்டேன். அவள் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தை அவளும் பார்ப்பதில்லை, அவள் முகத்தை நானும் பார்ப்பதில்லை.

பக்கத்துக் கட்டிலில் முருகேசன் என்று ஒருவர். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் வேலை. பாய்லர் கதவு திறந்தபோது நெருப்பு வெளியே அடித்திருக்கிறது. கம்பெனி கொடுத்த யூனிபார்ம் பாலியஸ்டர். முதுகு முழுக்க ஒட்டிக்கொண்டது. குப்புறப் படுத்தபடியே ஊர்க்கதை பேசுவார்.

"நீ துட்டு கட்டி எரிஞ்ச நைனா. நான் சம்பளம் வாங்கிக்கினு எரிஞ்சேன். யாரு புத்திசாலி சொல்லு?"

"ஏண்ணா, சிரிக்க வெக்காத. நெஞ்சு இழுக்குது."

"உன் சூட்டு இன்னா வெலை? எங்க கம்பெனியில ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு. பாய்லராண்ட போட்டுக்கினு நிக்கறேன், ஈரோ மாதிரி."

ஸ்டெல்லா கொண்டுவரும் கஞ்சியில் பாதி அவருக்கு. கட்டில் ஓரம் தலையைத் தொங்கப்போட்டு, ஸ்டிரா வைத்து உறிஞ்சுவார். "தங்கச்சி, உப்பு சரியா கீது" என்று தினமும் மறக்காமல் சொல்வார்.

ஒருநாள் அவர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாதுகாப்பு விதியைத் தொழிலாளி சரியாகப் பின்பற்றவில்லை என்று எழுதிய தாள். அவருக்குக் கை முழுக்கவும் கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த ஒரு விரலைப் பிடித்து மையில் அழுத்தி ரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். "போவுது நைனா, வூட்டுல பசங்க கீதுங்க," என்றார். நான்கு நாள் கழித்து அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. காயத்தில் இருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். தீக்காயத்தில் நெருப்பைவிட அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தானாம். மறுநாள் நான் கண் விழித்தபோது அவர் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அன்று சபையிலிருந்து ஒருவர் வந்து, பைபிளில் எரிகிற சூளையில் தூக்கிப் போட்ட மூன்று வாலிபர்களின் கதையை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அவர்கள் உடுப்புகூடக் கருகவில்லை, பார்த்தீர்களா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு யாரும் பாலியஸ்டரில் யூனிபார்ம் கொடுக்கவில்லை ஐயா என்றேன். அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். ஆண்டவரிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சபைக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எனக்கும் தாள் வந்தது. ரேஸ் நடத்தியவர்கள் பக்கத்திலிருந்து இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் ஆப்பிள் பையோடு வந்தார். 'ஓட்டுநரின் குடும்பத்தினர் உடையில் தாங்களாகவே மாற்றம் செய்ததால் காயம் ஏற்பட்டது' என்று இருந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்க போட்டோல பேட்ஜ் தையல் தெரியுது சார். சைன் பண்ணிட்டா இதோட முடிஞ்சது. இல்லேன்னா நாங்க உங்க வீட்டுக்கு வந்து சூட்டை எடுத்து, தைச்சவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி ஆயிடும்."

"என் சூட்ட பாஸ் பண்ணவரப் பத்தி இதுல ஒண்ணும் இல்லியே? அந்த சிலிண்டர் கம்பி?"

"அதெல்லாம் வேற ரிப்போர்ட் சார்."

முருகேசனின் சுருட்டிய மெத்தை பக்கத்தில் இருந்தது. தாளைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் இவர்கள் என் வீட்டுக்குப் போவார்கள். மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம் அந்தச் சட்டையைக் கேட்பார்கள், இதை நீதானே தைத்தாய் என்பார்கள். ஒட்டுத்தோல் வைக்க இன்னும் ஒரு வாரம்தான். அதை நினைத்தேன். பேனாவை வாங்கினேன்.

"அது இன்னாது? குடு இப்டி."

ஸ்டெல்லா. தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிறாள். என் கையிலிருந்து தாளை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மஞ்சள் பையில் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே மிளகைவிடச் சின்னச் சின்னக் கறுப்பு உருண்டைகள்.

"மொத நாளே தெரியும்யா எனக்கு. சட்டைய என் கைலதான குடுத்தாங்கோ? பிரிச்சிப் பாத்தேன். நூலு உருண்டு போயிருக்குது. துணிக்காரி எனக்குத் தெரியாதா, எது கருகும் எது உருகும்னு? தைக்கறப்ப தோணலியே. பாதராண்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். தெரியாம செஞ்சது பாவம் இல்லன்னாரு. பாவம் இல்லன்னா அப்ப இது இன்னாதுன்னு கேட்டேன்."

"ஸ்டெல்லா..."

"நீ சும்மா இரு. நீ மூஞ்சத் திருப்பிக்கினு, போ வெளியன்னு தொரத்திக்கினு கெடந்த. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? இந்தாளுக்குத் தெரிஞ்சி போச்சி, இனிமே என் மூஞ்சில முழிக்க மாட்டான்னு நெனச்சிக்கினு தெனம் கஞ்சி காச்சிக்கினு வந்தேன்."

நீ கேட்டாயே, பரவாயில்லையா என்று நீ கேட்டாயே, நான்தானே பரவாயில்லை என்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை. அந்த ஆள் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோ நைனா. தைச்சது நான். வலை நூல்ல தைச்சேன், உள் துணி வரிக்கும் தைச்சேன். என் பேர போடு, ஸ்டெல்லா. அதுக்குக் கீழயே, இழுத்துப் பாத்து சூப்பரா கீதுன்னு பாஸ் பண்ணது உங்க ஆளு. அவரு பேரயும் போடு. சிலிண்டர கம்பி வெச்சி கட்னவன் பேரயும் போடு. மூணையும் ஒரே தாள்ல எழுதிக் கொணா, மொத கையெழுத்து நான் போடறேன்."

"அம்மா, அது வேற விஷயம்..."

"ஒரே சட்டை, ஒரே நெஞ்சி. எப்டி நைனா ரெண்டு விஷயம் ஆவும்?"

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். மூன்று பெயரும் உள்ள தாள் இன்றுவரை வரவில்லை. ஆப்பிளை விட்டுவிட்டுப் போனார். ஸ்டெல்லா அதை வார்டு முழுக்கக் கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு வண்டி வந்தபோது அவள் வெளியே போகவில்லை. நானும் சொல்லவில்லை. கட்டைப் பிரித்தார்கள். அவள் உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தாறு போட்டேன்," என்றாள். என் தலையைப் பிடித்துக்கொண்டாள். டிரெஸ்ஸிங் முடியும்வரை விடவில்லை.

தொடையிலிருந்து தாள்போல மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் எரிந்தது. ஐந்து நாள் அசையக் கூடாது என்றார்கள். ஆறாம் நாள் திறந்து பார்த்து, தோல் பிடித்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள். புள்ளிகள் மறைந்துவிட்டன. இப்போது அங்கே ஒரு வழவழப்பான சதுரம் இருக்கிறது. தழும்பு தடித்துப்போகாமல் இருக்க அதை அமுக்கிப் பிடிக்கிற இறுக்கமான உள்சட்டையை ராத்திரி பகலாகப் போட்டிருக்கிறேன். வெயிலில் நரகம். மறுபடி ஓட்டுவாயா என்று கேட்காதவர் இல்லை. ஸ்டெல்லாவிடம் யாருக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

நான்கு மாதம் கழித்து அடுத்த ரேஸ் வந்தது. விடியலில் அவள் புடவை கட்டி, பையில் கத்தரி, பிளேடு, தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே என்றேன். "வா" என்றாள்.

டிராக் வாசலில் செக்யூரிட்டி பையைச் சோதித்துத் தீப்பெட்டியை எடுத்தார். "உள்ள நெருப்பு கூடாதும்மா. பெட்ரோல் இருக்குற எடம்."

"அது மட்டும் நல்லா தெரியுது உங்களுக்கு," என்றாள். தீப்பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் கிண்டல்தான். "இன்னாக்கா, கடை போட்டுட்ட?" என் சட்டையையும் இறுக்கமான உள்சட்டையையும் தூக்கி அந்தச் சதுரத்தைக் காட்டினேன். கிண்டல் நின்றது. ஒவ்வொருவரும் ரேஸ் சூட்டைப் பெஞ்சில் வைத்தார்கள். அவள் ஒவ்வொரு பேட்ஜிலும் ஒரு தையலைப் பிளேடால் எடுத்து, நூலைக் குச்சி நெருப்பில் காட்டினாள். கறுத்து அப்படியே நின்றால் திருப்பிக் கொடுத்தாள். சுருண்டு உருண்டையானால் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரியை எடுத்து பேட்ஜைப் பிரித்துப் போட்டாள். பதினான்கு சூட்டில் ஒன்பது உருண்டை. ஒன்றில் வலை நூலேதான். அதைத் தைத்தது தன் அம்மா என்றார் அந்த ஓட்டுநர். ஸ்டெல்லா அதை மட்டும் ரொம்ப மெதுவாகப் பிரித்தாள்.

கூட்டத்தைப் பார்த்து உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. என் பேட்ஜை இழுத்துப் பார்த்தவர். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் சொன்னது. பெஞ்சில் குவிந்து கிடந்த பேட்ஜுகளைப் பார்த்தார். டீ கிளாஸில் ஸ்டெல்லா சேர்த்து வைத்திருந்த கறுப்பு உருண்டைகளைப் பார்த்தார்.

"அம்மா, அன்னிக்கு நான் நல்லாத்தான் இழுத்துப் பாத்தேன்..."

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் தீப்பெட்டியை வைத்து, விரல்களை மூடினாள்.

"இனிமே இழுத்துப் பாக்காத நைனா. கொளுத்திப் பாரு."